சிறப்பு நிகழ்ச்சிகளுக்கென ஒரு சாட்டிலைட் ரேடியோ சேனல்: எக்ஸ்எம் லைவும் அதற்குப் பிறகு நடந்ததும்

கேள்வி இதுதான்: சந்தா கட்டிக் கேட்கும் அமெரிக்காவின் எக்ஸ்எம் சாட்டிலைட் ரேடியோவில் கச்சேரிகளுக்கும் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கும் என்றே 'எக்ஸ்எம் லைவ்' என்று ஒரு சேனல் இருந்ததாமே. நூறு சேனல் வைத்திருந்தவர்களுக்கு இதற்கெனத் தனி சேனல் எதற்கு? அப்புறம் அது என்ன ஆயிற்று?

இடம் குறைவாக இருந்ததுதான் காரணம். நூறு சேனல் என்று கேட்கும்போது வானத்தில் இடம் கொட்டிக் கிடந்தது போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பிட்டையும் (டிஜிட்டல் தகவலின் மிகச் சிறிய அலகு) எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் அது. இது புரிந்தால் மிச்சக் கதை தானாக விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 1997 ஏப்ரலில் சாட்டிலைட் ரேடியோவுக்கான அலைக்கற்றையை ஏலம் விட்டது. இரண்டு நிறுவனங்கள் எடுத்தன. சிடி ரேடியோ 83.3 மில்லியன் டாலருக்கும், அமெரிக்கன் மொபைல் ரேடியோ 89.9 மில்லியன் டாலருக்கும் எடுத்தன. முதலாவது பிறகு சிரியஸ் ஆனது, இரண்டாவது எக்ஸ்எம் ஆனது. ஆளுக்குக் கிடைத்தது 12.5 மெகாஹெர்ட்ஸ். அந்த 12.5ஐயும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. எக்ஸ்எம் ஒரே நிகழ்ச்சியை மூன்று வழியாக அனுப்பியது: ஒரு செயற்கைக்கோள், இன்னொரு செயற்கைக்கோள், நகரங்களின் உயரமான கட்டடங்களில் வைத்த, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் தரைவழி ரிப்பீட்டர்கள். கார் ஒரு பாலத்துக்கு அடியில் போனாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று, ஒரு செயற்கைக்கோளின் சிக்னலை மற்றதைவிட சுமார் 4 வினாடி தாமதப்படுத்தி அனுப்பினார்கள். ஒன்று மறைந்தால் ரிசீவர் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு, ஆனால் செலவு அதிகம். இப்படி மும்மடங்காக அனுப்பியதுபோக நிகழ்ச்சிகளுக்கு மிஞ்சியது வினாடிக்குச் சுமார் 4 மெகாபிட்தான். நூறு சேனலுக்குப் பங்கிட்டால் சராசரியாக ஒன்றுக்கு 40 கிலோபிட். அந்தக் காலத்தில் இணையத்தில் சாதாரணமாகப் புழங்கிய எம்பி3 பாட்டுக்கே 128 கிலோபிட் ஆகும்.

அதனால் எக்ஸ்எம்மில் புதிதாக ஒரு சேனல் தொடங்குவது என்றால், வேறு ஏதோ ஒன்றின் பங்கிலிருந்து பிட் எடுக்க வேண்டும். பேச்சு சேனல்களுக்குக் குறைவாகவும் இசைச் சேனல்களுக்குக் கூடுதலாகவும் கொடுப்பார்கள். 2004இல் பெருநகரங்களுக்கான போக்குவரத்து, வானிலைச் சேனல்களை நுழைத்தபோது இந்த நெருக்கடி இன்னும் கூடியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் சந்தாதாரர்கள், இசையின் தரம் இறங்கிவிட்டது என்று அப்போது தொடர்ந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இந்த நிலையில் ஒரு பெரிய கச்சேரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ராக் சேனலிலேயே மூன்று மணி நேரம் போட்டால், வேலைக்குப் போகும் வழியில் வழக்கமான பாட்டு கேட்கிறவர் கோபப்படுவார். மாதாமாதம் சந்தா (ஆரம்ப ஆண்டுகளில் 9.99 டாலர்) கட்டுகிறவர் அவர். அவர் பணம் கொடுப்பதே, எப்போது திருப்பினாலும் அந்த சேனலில் அந்த மாதிரிப் பாட்டுதான் வரும் என்ற உறுதிக்காக. எஃப்எம் நிலையத்துக்கு விளம்பரதாரர்தான் படியளக்கிறார், அதனால் அது நேயரைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். சந்தா வானொலியால் அது முடியாது. அதற்காகக் கச்சேரியை விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் வேறெங்கும் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது என்பதுதான் சந்தா கேட்பதற்கே நியாயம். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வழிதான் நிகழ்ச்சிச் சேனல். ஒரு மேடையை நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிடு, இன்று ராக், நாளை கன்ட்ரி, அதற்கடுத்த நாள் வேறேதாவது. நேரலை இல்லாதபோது பதிவுகளைப் போடலாம். வழக்கமான சேனல் எதற்கும் இடைஞ்சல் இல்லை. எக்ஸ்எம் லைவ் அந்த வகைதான்.

எக்ஸ்எம்முக்கு இந்த யோசனை பொருத்தமாக இருந்ததற்கு அதன் ஆட்களும் இடமும் காரணம். நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்தவர் லீ ஏப்ரம்ஸ். 1970களில் அமெரிக்க எஃப்எம்மில் ஆல்பம் ராக் என்ற பாணியை நாடு முழுக்கப் பரப்பியவர். பிறகு அதே எஃப்எம் ஒரே முப்பது பாட்டைச் சுற்றிச் சுற்றிப் போடுவதைப் பார்த்து அலுத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தவர். வாஷிங்டனின் எக்கிங்டன் பகுதியில், முன்பு அச்சகமாக இருந்த ஒரு பெரிய கட்டடத்தை எடுத்து, 80க்கும் மேற்பட்ட ஸ்டுடியோக்களையும், பார்வையாளர்களை உட்கார வைத்துக் கச்சேரி நடத்தும் அரங்கு ஒன்றையும் அமைத்தார்கள். முதல் இரு செயற்கைக்கோள்களுக்கு 'ராக்', 'ரோல்' என்றே பெயர் வைத்தார்கள். இரண்டும் 2001இல், பசிபிக் கடலில் நிலநடுக்கோட்டருகே மிதந்த ஏவுதளத்திலிருந்து கிளம்பின. ஒலிபரப்பை 2001 செப்டம்பர் 12 அன்று தொடங்குவதாக இருந்தார்கள். அதற்கு முதல் நாள் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததால் தள்ளிப்போய், செப்டம்பர் 25 அன்று டாலஸிலும் சான் டியேகோவிலும் ஆரம்பித்து, நவம்பர் 12 முதல் நாடு முழுவதும் கேட்டது.

இந்த மாதிரிச் சேனலின் அருமை வெளிப்பட்ட நாள் 2005 ஜூலை 2. உலக வறுமைக்கு எதிரான லைவ் 8 கச்சேரிகள் லண்டன், பிலடெல்பியா, பாரிஸ், பெர்லின், ரோம், டோக்கியோ, ஜோகனஸ்பர்க், மாஸ்கோ என்று ஒரே நாளில் நடந்தன. நேரக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். லண்டனில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி. லண்டன் உச்சத்தில் இருக்கும்போதே, நண்பகலில் பிலடெல்பியா தொடங்கிவிடுகிறது. ஒரே சேனல் இருந்தால் எதையாவது வெட்டியே ஆக வேண்டும். தொலைக்காட்சியில் நடந்ததும் அதுதான். எம்டிவி, விஎச்1 என்ற இசைச் சேனல்கள் பாட்டின் நடுவிலேயே தொகுப்பாளர் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் தாவின. 24 ஆண்டுகளுக்குப் பிறகு பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் நால்வரும் ஒரே மேடையில் நின்றபோதுகூட, பாட்டு முடியும்வரை பொறுக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும், அடுத்த வாரம் விளம்பரமும் பேச்சும் இல்லாமல் மறு ஒளிபரப்பு செய்ய வேண்டியதாயிற்று. எக்ஸ்எம் ஒன்றுக்கு மேற்பட்ட சேனல்களை ஒதுக்கி நேரடியாகக் கொடுத்தது. ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் இணையத்தில் எல்லா ஊர்களையும் தனித்தனியாக ஓடவிட்டது. ஒரு கலைஞர் பாடும்போது வாயை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்கவிடுவது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அன்று எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அந்தச் சூட்டோடு அதே ஜூலையில் ஏஓஎல், எக்ஸ்எம், அரங்குகளை நடத்தும் ஏஇஜி ஆகிய மூன்றும் சேர்ந்து 'நெட்வொர்க் லைவ்' என்று ஒரு கூட்டு நிறுவனத்தை அறிவித்தன. லைவ் 8 தயாரிப்பில் முக்கியப் பங்கு வகித்த கெவின் வால் அதற்குத் தலைமை. கச்சேரியை ஒரு தடவை படம்பிடித்து வானொலி, இணையம், கைபேசி என்று எல்லா வழியிலும் விற்கலாம் என்பது திட்டம். யூடியூபை யாரும் அறியாத மாதங்கள் அவை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், யோசனை எவ்வளவு முன்னால் போயிருக்கிறது என்பது தெரியும்.

அடுத்த மாதமே இந்த வகைச் சேனலுக்கு வேறு ஒரு முகம் தெரிந்தது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இதுதான். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸில் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்கள் இல்லை, உள்ளூர் வானொலிகளில் பெரும்பாலானவை அமுங்கிவிட்டன. செயற்கைக்கோளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காரில் பேட்டரி இருந்து, மேலே வானம் தெரிந்தால் போதும், கேட்கலாம். எக்ஸ்எம்மில் 247ஆம் எண்ணில் அவசரத் தகவல் சேனல் ஒன்று இருந்தது. புயல் எச்சரிக்கை, எந்தச் சாலை மூடியிருக்கிறது, எங்கே முகாம் என்பதை இருபத்துநான்கு மணி நேரமும் சொல்லிக்கொண்டிருந்த சேனல் அது. சந்தா கட்டாத ரிசீவரிலும் அது கேட்டது. அதற்குப் பக்கத்திலேயே 248இல், அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துடன் சேர்ந்து 'ரெட் கிராஸ் ரேடியோ' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அது பொதுமக்களுக்கானது அல்ல. பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த முகாம்களில் வேலை செய்த தொண்டர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்ச் சேரவேண்டும் என்பதற்காக நடத்தப்பட்டது.

கச்சேரிச் சேனலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வேலை செய்யும் முறை ஒன்றேதான். வரிசையில் ஒரு எண்ணைக் காலியாக வைத்திருக்க வேண்டும், கொஞ்சம் பிட் கையிருப்பு வேண்டும், நாட்டில் உள்ள எல்லா ரிசீவருக்கும் "இனி இந்த எண்ணில் இது வரும்" என்று வானத்திலிருந்தே அறிவிக்கத் தெரிய வேண்டும். ரிசீவருக்குள் யாரும் கை வைக்காமலே சேனல் பட்டியல் மாறும். கச்சேரிக்காகப் பழகியிருந்த இந்த லாகவம்தான் புயலில் கைகொடுத்தது என்பேன்.

சிரியஸ் வேறு பாதையில் போனது. அதன் முதல் மூன்று செயற்கைக்கோள்கள் நிலையாக நிற்காமல் நீள்வட்டத்தில் சுற்றியவை. ஒவ்வொன்றும் நாளில் சுமார் 16 மணி நேரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தது, அதனால் அமெரிக்காவிலிருந்து பார்க்கும்போது எக்ஸ்எம்முடையதைவிட உயரத்தில் தெரிந்தது. நிகழ்ச்சி விஷயத்திலும் அவர்கள் புத்தி வேறு. பொதுவான மேடைக்குப் பதிலாக ஒரு கலைஞரின் பெயரிலேயே சேனல். 2004 ஜூலையில் மெம்ஃபிஸில் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் வளாகத்திலிருந்தே எல்விஸ் ரேடியோ தொடங்கியது. 2005 நவம்பரில், ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் புகழ்பெற்ற ஆல்பம் ஒன்றின் 30ஆம் ஆண்டையொட்டி 'ஈ ஸ்ட்ரீட் ரேடியோ' வந்தது. மூன்று மாதம் ஓடி, 2006 ஜனவரி இறுதியில் நின்றது. 2007 செப்டம்பரில் புதிய ஆல்பத்தோடு திரும்ப வந்து, அப்புறம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. இதன் வெற்றியை எக்ஸ்எம்மும் கவனித்தது. 2007 நவம்பரில், லெட் ஸெப்பெலின் ராக் குழு லண்டனில் மறுபடி மேடையேறப்போகும் நேரம் பார்த்து, அவர்களுக்கென்றே தற்காலிக சேனல் ஒன்றைத் திறந்தது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் சிரியஸின் வழிதான் கெட்டிக்காரத்தனம். ஆல்பம் வெளியாகும் வாரத்தில் அந்தக் கலைஞருக்கும் விளம்பரம், வானொலிக்கும் ரசிகர் கூட்டம். ஆனால் கேட்கிறவனுக்கு எதில் லாபம் என்றால், பொதுவான மேடை என்றுதான் சொல்வேன். தனக்குப் பிடித்தவரின் கச்சேரிக்காக அந்த எண்ணைப் பழகிக்கொண்டவன், அடுத்த வாரம் கேள்விப்படாத ஒருவரையும் அங்கே கேட்டுவிடுவான். கலைஞர் பெயரில் உள்ள சேனலுக்கு, ஏற்கெனவே அவரைப் பிடித்தவன் மட்டும்தான் வருவான்.

இதற்கிடையில் இசைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிகழ்ச்சிச் சேனலைச் சொல்லாமல் விடக் கூடாது. 2007 செப்டம்பரில் எக்ஸ்எம் 130ஆம் எண்ணில் 'போட்டஸ் 08' தொடங்கியது (போட்டஸ் என்பது அமெரிக்க அதிபரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்). 2008 அதிபர் தேர்தல் ஒன்றுக்கு மட்டும், இருபத்துநான்கு மணி நேரமும், விளம்பரம் இல்லாமல். இதுவும் 247 போலவே சந்தா இல்லாத ரிசீவரிலும் கேட்டது. வேட்பாளர் பேச்சை இருபது வினாடிக்கு நறுக்காமல் முழுதாகப் போட்டார்கள். விவாதங்கள், ஊர்ப் பொதுக்கூட்டங்கள், நேயர் தொலைபேசி எல்லாம் உண்டு. தேர்தல் முடிந்ததும் மூடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த ஓராண்டில் அதற்கு விசுவாசமான நேயர் கூட்டம் சேர்ந்துவிட்டது. 2008 நவம்பருக்குப் பிறகு அரசியலுக்கான நிரந்தரச் சேனலாக அது தொடர்ந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்கென்று கட்டிய பந்தல் வீடாக நிலைத்துவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

சரி, எக்ஸ்எம் லைவுக்கு வருவோம். இரண்டு நிறுவனங்களும் நேயர்களையும் உரிமைகளையும் போட்டிபோட்டு வாங்கியதில் நொந்துபோயிருந்தன. சிரியஸ் வானொலித் தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்னுக்காக ஐந்தாண்டுக்கு 500 மில்லியன் டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டது. எக்ஸ்எம் பேஸ்பாலுக்கு 11 ஆண்டுக்கு 650 மில்லியன் கொடுத்தது. 2007 பிப்ரவரியில் இணைப்பை அறிவித்தார்கள். 1997இல் உரிமம் கொடுத்தபோதே, ஒருவர் கையில் இரண்டும் போகக் கூடாது என்று எஃப்சிசி விதித்திருந்ததால் ஆய்வு நீண்டுகொண்டே போனது. கடைசியில் 2008 ஜூலை இறுதியில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அனுமதி கிடைத்து இணைப்பு முடிந்தது. ஏப்ரம்ஸ் அதற்குச் சில மாதங்கள் முன்பே வெளியேறிவிட்டார். எக்ஸ்எம்மின் தலைமை நிர்வாகி ஹ்யூ பனேரோ 2007லேயே போய்விட்டார். சேனல்களைக் கட்டியவர்கள் இல்லாத நேரத்தில்தான் சேனல்களின் தலைவிதி எழுதப்பட்டது.

2008 நவம்பர் 12 அன்று இரு பக்கத்து வரிசைகளும் ஒன்றாக்கப்பட்டன. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்று போக வேண்டும். பெரும்பாலான இடங்களில் சிரியஸின் பெயர்தான் மிஞ்சியது. எக்ஸ்எம் நேயர்கள் காலையில் காரை எடுத்தபோது பழகிய பெயர்கள் பல காணாமல் போயிருந்தன, முன்னறிவிப்பும் சரியாக இல்லை. இரண்டு வித ரிசீவர்களும் ஒன்றோடொன்று பேசாதவை என்பதால், வானத்தில் இரண்டு அமைப்புகளையும் தனித்தனியாக ஓட்டியே ஆக வேண்டியிருந்தது. அதாவது நிறுவனம் ஒன்றானது, இடநெருக்கடி அப்படியே இருந்தது. இணைந்த சிரியஸ்எக்ஸ்எம்முக்கு, எந்தக் கச்சேரிக்கும் பொதுவான மேடை என்ற யோசனையைவிட கலைஞர் பெயரில் குறுகியகாலச் சேனல் என்ற யோசனைதான் பிடித்தது. எக்ஸ்எம் லைவ் என்ற பெயர் இன்றைய வரிசையில் இல்லை. அதன் இடத்தில் 'லிமிடெட் எடிஷன்' போன்ற பெயர்களில் மாறி மாறி வருபவையும், நவம்பர், டிசம்பரில் முளைக்கும் கிறிஸ்துமஸ் இசைச் சேனல்களும் உள்ளன. இந்த வழியில் போனதன் உச்சம் 2017 மே 18 அன்று 18ஆம் எண்ணில் தொடங்கிய பீட்டில்ஸ் சேனல்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு உண்மையான தொடர்பு உண்டு. எக்ஸ்எம்மாக மாறிய நிறுவனத்தில் ஆரம்பத்தில் பணம் போட்டிருந்தவர்களில் வேர்ல்ட்ஸ்பேஸும் ஒன்று. நோவா சமாரா தொடங்கிய அந்த வேர்ல்ட்ஸ்பேஸ்தான், 2000 மார்ச்சில் ஏவிய ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியாக இந்தியாவுக்கும் சாட்டிலைட் ரேடியோவைக் கொண்டுவந்தது. தமிழில் கேஎல் ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி. அதை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சதுரத் தட்டு ஆன்டெனா மறந்திருக்காது. சென்னையில் என்றால் கிழக்கே, கொஞ்சம் தெற்காகச் சாய்த்து, எதிரில் மாமரமோ மாடிக் கட்டடமோ இல்லாத ஜன்னலாகப் பார்த்து வைக்க வேண்டும். அமெரிக்காவில் நகரங்களின் ரிப்பீட்டர்கள்தான் சாட்டிலைட் ரேடியோவைக் காருக்குள் கொண்டுபோனவை. இங்கே அவை இல்லாததால் ரேடியோ வீட்டோடு நின்றுவிட்டது. வேர்ல்ட்ஸ்பேஸ் 2008 அக்டோபரில் திவால் மனு கொடுத்து, 2009 டிசம்பர் 31 அன்று இந்தியச் சேவையை நிறுத்தியது. ஸ்ருதியை இழந்த வருத்தம் இன்னும் தீராத ரசிகர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இன்று சிரியஸ்எக்ஸ்எம்மின் செயலியில் பிட் பஞ்சம் கிடையாது. செயற்கைக்கோளில் இடமில்லாத தற்காலிக சேனல்கள் அங்கே வந்து போகின்றன. கச்சேரிக்கு அது போதும். ஆனால் கத்ரீனாவில் 247 செய்த வேலையைச் செயலி செய்யாது, ஏனென்றால் கோபுரம் விழுந்தால் செயலியும் விழும். அந்த ஒரு வேலைக்குச் செயற்கைக்கோள்தான் வேண்டும். நிறுவனமும் செயற்கைக்கோளைக் கைவிடவில்லை: எஸ்எக்ஸ்எம்-7 2020 டிசம்பரில் ஏவிய சில வாரங்களில் பழுதானது, 2021 ஜூனில் எஸ்எக்ஸ்எம்-8, 2024 டிசம்பரில் எஸ்எக்ஸ்எம்-9, 2025 ஜூனில் எஸ்எக்ஸ்எம்-10 என்று அடுத்தடுத்து மேலே போயிருக்கின்றன. எனவே, கையில் பழைய எக்ஸ்எம் ரிசீவர் வைத்திருக்கும் அமெரிக்க உறவினர் யாராவது இருந்தால், தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.